இஞ்சின் படகுக்குப் பாடு உண்டா

தம்பிகளுக்கு,

போன வாரம் நான் ஷெட்டுக்கு வந்தபோது நீங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். வண்டிப் புகைக்குச் சட்டம் வரப்போகிறதாம், பேப்பரில் போட்டிருக்கிறதாம். புகை தள்ளுகிற வண்டியை ரோட்டிலேயே விடக் கூடாது என்று ஒருவர். அப்படியானால் பழைய லாரி வைத்துப் பிழைக்கிறவன் எங்கே போவான் என்று இன்னொருவர். டீசல் பம்பில் ஸ்குரூவைக் குறைத்தால் புகையும் குறையும், மைலேஜும் வரும் என்று மூன்றாமவர். குறைத்தால் பாலத்தில் வண்டி ஏறாது என்று நாலாமவர். கடைசியில் என்னைப் பார்த்து, "நீங்க இன்னா சொல்றீங்க மேஸ்திரி?" என்று கேட்டீர்கள். நான் டீ குடிக்கப் போகிறவனைப்போல நழுவிவிட்டேன்.

நாலு பேர் என் முகத்தையே பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. உங்களுக்குத் தெரிந்ததுதான். இப்போது காதும் மந்தமாகிவிட்டது. இஞ்சின் சத்தத்தில் தட்டல் கேட்காதவன் ஷெட்டில் இருக்கக் கூடாது என்றுதான், வயது இன்னும் இருக்கும்போதே சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சண்டையை நான் இதற்கு முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அப்போது அது ரோட்டில் நடக்கவில்லை, மணலில் நடந்தது. லாரிக்காக அல்ல, ஒரு படகுக்காக.

அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ராயபுரத்தில் நான் தொழில் கற்ற ஷெட்டில் ஒரு பெரிய மேஸ்திரி இருந்தார். வண்டிக்காரர் யார் வந்து, "இத சரி பண்ண முடியுமா?" என்று கேட்டாலும், கையைத் துடைத்துக்கொண்டே, "தெரியாதுங்க. ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்பார். பக்கத்து ஷெட்டில் கேட்ட உடனே முடியும் என்று சொல்வார்கள். அதனால் பாதிப் பேர் அங்கே போய்விடுவார்கள். போனவர்களில் சிலர் கொஞ்ச நாள் கழித்து மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு எங்களிடம் வருவார்கள். அவர்களிடமும் அவர், "தெரியாதுங்க" என்றுதான் ஆரம்பிப்பார். பிழைக்கத் தெரியாத மனிதர் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம்.

நான் பொன்னேரிக்கு வந்து தனியாக ஷெட் போட்ட புதிதில், பழவேற்காட்டுப் பக்கமிருந்து தேசப்பன் என்பவர் என்னைத் தேடி வந்தார். கோட்டைக்குப்பத்தைத் தாண்டி ஒரு குப்பம் அவருடையது. ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊரில் முதன்முதலாக இஞ்சின் படகு வாங்கியவர் அவர்தான். ஒரு லாரியில் பல வருஷம் உழைத்து ஓய்ந்த இஞ்சினைக் காசிமேட்டில் யாரோ படகில் பூட்டி வைத்திருந்தார்கள். அதை வாங்கிவந்து கடலுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். படகு ஏரியில்தான் நிற்கும். முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய், அதே வழியாகத் திரும்ப வேண்டும்.

நான் போய்ப் பார்த்தபோது, வந்துகொண்டிருந்த படகின் பின்னால் கரும்புகை தூண் மாதிரி நின்றது.

"இன்னாண்ணே, இவ்ளோ பொகையுது?"

"பொகையாம? இஞ்சினு மூச்சு வுடுதுப்பா. பொகை வந்தாத்தான் பலம்."

"டீசல் எம்மாம் புடிக்குது?"

அதற்கு மட்டும் அவர் முகம் விழுந்தது. "அதயேன் கேக்கற மெக்கானிக்கு. ஊத்த ஊத்த குடிச்சிக்கினே கீது. டீசல் வெல ஏறிக்கினே போவுது. பொகையில போற காசுன்னு என் வூட்டுக்காரி திட்டுறா."

அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. வடிகட்டியை மாற்றிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த தடவை தேசப்பன் வந்தபோது ஆளே மாறிப்போயிருந்தார். "ஊர் கூடுது. நீ வந்தே ஆவணும்" என்றார்.

நடந்தது இதுதான். அந்தக் குப்பத்தில் முகத்துவாரத்துக்கு உள்பக்கம் இறால் நிறையச் சேரும் இடங்கள் சில உண்டு. எல்லோரும் அங்கேயே வலை கட்ட முடியாது. அதனால் யார் எந்த இடத்தில், எந்த முறையில் வலை கட்டுவது என்று ஊர் கூடி, பெயர்களைக் குடத்தில் போட்டுச் சீட்டு எடுக்கும். அந்தச் சீட்டில் ஒரு வீட்டுக்குப் பெயர் இருப்பதைத்தான் பாடு என்பார்கள். நிலம் இல்லாத ஊரில் அதுதான் பட்டா. பையனுக்குப் பாடு உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் பெண் கொடுப்பார்கள். தேசப்பன் வீட்டுக்கும் பாடு உண்டு. ஆனால் அவர், அவர் தம்பி ஏழுமலை, மச்சினன்மார் என்று குடும்பம் பெருத்துவிட்டது. பாடு வருகிற நாட்களை எத்தனை அடுப்புக்குப் பங்கு வைப்பது? அதற்காகத்தான் கடலுக்குப் போக அந்தப் படகு.

படகு வந்த பிறகு, அது முகத்துவாரத்துக்குப் போய்வரும் வாய்க்கால் ஓரத்து வலைகளில் விழும் இறாலில் டீசல் நாற்றம் அடிக்க ஆரம்பித்தது. இறால் வாங்குகிற காதர் பாய், தரமான சரக்கென்று சொல்லிப் பட்டணத்துக் கம்பெனிக்கு அனுப்புகிறவர். கம்பெனி ஒரு தடவை சரக்கை அவருக்குத் திருப்பி அனுப்பியது. அவர் கன்னியம்மா வீட்டுக் கூடைகளைத் திருப்பி அனுப்பினார். கன்னியம்மா வாய்த் துடுக்கான பெண்மணி. வீட்டுக்காரர் வலை கட்டினால் இறாலைப் பிரித்துக் கூடை போடுவது அந்த அம்மாள்தான். கூடைகளைத் தேசப்பன் வீட்டு வாசலில் கொட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஊர்க் கூட்டம் கோயிலுக்கு முன்னால், மணலில். ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் சற்றுத் தள்ளி நின்றார்கள். காதர் பாயையும் கூப்பிட்டிருந்தார்கள். ஊர்த் தலைவர் பனையோலைத் தடுக்கில் உட்கார்ந்து எல்லோரையும் பேசவிட்டார்.

"காலயில வலையாண்ட நின்னா மூக்குல கரி. அந்தப் பொகை தண்ணில எறங்கிச்சின்னா எறா நாறாம இன்னா செய்யும்?" என்றார் ஒருவர்.

"அவன் ஒருத்தன் கடலுக்குப் போயி சம்பாரிக்க, நாங்க அவன் கரிய மோந்துக்கினு கெடக்கணுமா?"

"அவனுக்குந்தான் கொழந்த குட்டி கீது" என்று யாரோ சொன்னார்கள்.

"கீதுல்ல? அப்ப பாடு எதுக்கு? கடலே அவனுக்குப் போதும். இஞ்சின் வெச்சிருக்கறவனுக்குப் பாடு கெடயாதுன்னு தீர்ப்பு போடு, தலைவரே."

அந்த வார்த்தை விழுந்ததும் பலர் தலைவரின் முகத்தைப் பார்த்தார்கள். கோபத்தில் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கே அது கொஞ்சம் அதிகம் என்று பட்டிருக்கும். தேசப்பன் தலையைத் தூக்கவில்லை. படகை விட்டால் கடன், பாடு போனால் ஊரில் பெயரே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

காதர் பாய் மெதுவாகப் பேசினார். "எனக்கு யார் மேலயும் கோவம் இல்லீங்க. சரக்கு நாறினா கம்பெனிக்காரன் என்னைய நம்ப மாட்டான். என்னைய நம்பலன்னா உங்க ஊர் சரக்கு மொத்தமும் நின்னுடும். அவ்ளோதான்."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீதான் மெக்கானிக்கா? சொல்லு. இந்தப் பொகைய நிறுத்த முடியுமா முடியாதா?"

அத்தனை முகங்களும் என்னைப் பார்த்தன. முடியும் என்று சொல்வது சுலபம். டீசல் பம்பில் ஒரு ஸ்குரூவைத் திருப்பி, இஞ்சினுக்குப் போகும் டீசலைக் குறைத்தால் புகை குறையும். ஆனால் தேசப்பன் முந்தின நாளே என்னிடம் சொல்லியிருந்தார்: முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருக்கிறது, அலை அங்கே எழும்பி உடைகிறது, திரும்பி வரும்போது இஞ்சின் ஒரு நொடி சோர்ந்தாலும் படகு குறுக்கே திரும்பிக் கவிழும். ஸ்குரூவைக் குறைத்து, அதனால் அங்கே இழுவை போதாமல் ஆள் போனால்? முடியாது என்று சொல்லிவிட்டாலோ, அந்த நிமிஷமே அவருடைய பாடு போய்விடும்.

"தெரியாதுங்க" என்றேன். "ஓட்டிப் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "இதச் சொல்லவா பஸ் ஏறி வந்தான்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "ஏன்டா தேசப்பா, பேசறதுக்கு இவனத்தான் இட்டுக்கினு வந்தியா?"

தலைவர் சிரிக்கவில்லை. "அடுத்த சீட்டு எடுக்கறதுக்குள்ள ஓட்டிப் பாத்துட்டு வந்து சொல்லு. அதுக்கப்பறம் ஊர் முடிவு பண்ணும்" என்றார்.

எனக்கு நீச்சல் தெரியாது. கடலில் போனதும் இல்லை. தேசப்பனும் ஏழுமலையும் என்னை இஞ்சின் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கயிற்றை இடுப்பில் கட்டிவிட்டார்கள். கரையில் கட்டிப்போட்டு, கியர் போடாமல் ஓட்டியபோது அந்த இஞ்சின் சுத்தமாக ஓடியது. புகையே இல்லை. படகு நகர்ந்ததும்தான் கறுத்தது. வேகத்தை ஏற்ற ஏற்ற, இஞ்சின் வேகம் பிடிக்காமல் திணறி, சத்தம் கனத்து, புகை தடித்தது. முகத்துவாரத்தில் அலை முன்னால் எழுந்து நின்றபோது தேசப்பன் முழுதாக இழுத்தார். இஞ்சின் அழுதது. அந்தச் சத்தத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. மூட்டை ஏற்றின லாரியை நாலாவது கியரில் கிளப்பினால் கேட்கும் சத்தம் அது. படகு எப்படியோ மேலே ஏறி அந்தப் பக்கம் விழுந்தது. திரும்பி வரும் வழி முழுக்க முழங்காலுக்குள் தலையை வைத்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். எதையும் பார்க்கவில்லை.

ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். படகைக் கரையில் ஏற்றி, தண்ணீருக்கு அடியில் சுற்றும் காத்தாடியைப் பார்த்தேன். அது வேறு ஏதோ பெரிய படகின் காத்தாடி.

"இத எங்கண்ணே புடிச்சீங்க?"

"காயலாங்கடையில. பெருசா இருந்தா தண்ணிய நல்லாத் தள்ளும்னு சொன்னாங்க." தேசப்பனுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

"தள்ளும். தள்ள சக்தி இருந்தா. இந்த இஞ்சினால இத சுத்த முடியல. சுத்த முடியாம டீசலக் குடிச்சி, எரிக்க முடியாமக் கரியாத் துப்புது."

அவர் நம்பவில்லை. சிறியது போட்டால் வேகம் போய்விடும் என்றார். பலத்துக்கு வைத்ததைக் கழற்று என்று சொன்னால் யாருக்குத்தான் மனம் வரும்? ஏழுமலைதான், "போட்டுத்தான் பாப்போமே அண்ணாத்த. இல்லன்னா மெக்கானிக்க வலையில கட்டி ஏரியில போட்டுடலாம்" என்றான். காசிமேட்டில் தேடி, அந்த இஞ்சினுக்குத் தக்கபடி ஒரு காத்தாடியை மாற்றிக்கொண்டு வந்தோம். டீசல் பம்ப் ஸ்குரூவில் நான் கை வைக்கவில்லை.

இரண்டாம் தடவை போனபோது, இஞ்சின் லேசாகப் பாடிக்கொண்டு ஓடியது. பின்னால் திரும்பிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான். போகும்போது முகத்துவாரம் அமைதியாக இருந்தது. திரும்பி வரும்போது காற்று எழும்பிவிட்டது. படகில் மீன் பாரம் வேறு. எங்களுக்குப் பின்னால் ஒரு அலை உயர்ந்துகொண்டே வந்தது. தேசப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உன் பேச்சைக் கேட்டுப் பெரியதைக் கழற்றினேன், இப்போது என் தம்பி இதில் இருக்கிறான். அவர் முழுதாக இழுத்தார். ஒரு கணம் கறுப்பாக ஒரு கொத்துப் புகை வந்தது. பிறகு இஞ்சின் சடாரென்று வேகம் பிடித்தது. பின்னால் அலை உடைந்தபோது நாங்கள் உள்ளே இருந்தோம். ஏழுமலை ஓவென்று கத்தினான். தேசப்பன் இஞ்சின் மூடியை, மாட்டைத் தட்டுவதுபோலத் தட்டிக்கொடுத்தார். டீசல் டப்பாவை ஆட்டிப் பார்த்துவிட்டு, "பாதிக்கு மேல மிச்சம் கீதுடா" என்றார்.

எனக்கு இந்தத் தடவை வாந்தி வரவில்லை. அதனால் தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

முகத்துவாரத்தைத் தாண்டினால் தண்ணீர் சட்டென்று சாந்தமாகிவிடும். அங்கே இஞ்சினை மெதுவாக்கினார்கள். ஏழுமலை பலகையைத் தூக்கி, படகின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரை டால்டா டின்னால் மொண்டு வெளியே கொட்ட ஆரம்பித்தான். கடலில் படகு ஆடும்போது அதற்கு நேரம் இருக்காது. கை ஓய்வது இங்கேதான். கொஞ்ச தூரத்தில் கன்னியம்மாவின் வீட்டுக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலைக் கழியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"இன்னா மாமா, இன்னிக்குப் பொகை கீதா?" என்று ஏழுமலை கத்தினான்.

"ஒண்ணயும் காணோமேடா! இஞ்சின வித்துட்டியா?"

இருவரும் சிரித்தார்கள். ஏழுமலை சிரித்துக்கொண்டே கொட்டினான். அவன் கொட்டிய தண்ணீர் ஏரியில் விழுந்து பரவியபோது அதன்மேல் வானவில் நிறம் விரிந்தது. கடல் தண்ணீர் உள்ளே ஏறும் நேரம் அது. அந்த நிறம் மெதுவாக, யாருக்கும் தெரியாமல், மாமாவின் வலையை நோக்கி நகர்ந்தது.

நான் கையை நீட்டிக் காட்டினேன். ஏழுமலை டின்னைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தான். அவன் சிரிப்பு நின்றது. தேசப்பனும் பார்த்தார். குனிந்து இஞ்சினுக்கு அடியில் கையை விட்டுத் தடவினேன். மிச்ச டீசல் டாங்குக்குத் திரும்பிப் போகும் குழாயின் இணைப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. பல மாதமாகச் சொட்டியிருக்கும். அடியில் சேர்ந்த தண்ணீரில் அது மிதக்கும். அத்தனையையும் இவர்கள் ஒவ்வொரு நாளும் வலைகளுக்கு முன்னால் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வலைக்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டே பேசிச் சிரித்திருக்கிறார்கள். எல்லோருடைய கண்ணும் புகையில் இருந்தது. என் கண்ணும் அங்கேதான் இருந்தது.

தேசப்பன் கரை நெருங்கும்போது சொன்னார்: "மெக்கானிக்கு, நாளைக்குக் கூட்டத்துல பொகை நின்னுடுச்சின்னு மட்டும் சொல்லிடு. தண்ணிய இனிமே கடல்லயே எறைச்சிட்டு வந்துடறோம். நாத்தமும் நின்னுடும். யாருக்கும் தெரியத் தேவல."

"அண்ணே..."

"பொகைன்னா பழி இஞ்சினு மேல. தண்ணின்னா பழி என் தம்பி மேல. வலயாண்ட டீசல் ஊத்துனவன்னு பேர் வந்தா அவனுக்குப் பாடு குடுப்பாங்களா?"

அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. அவர் வாக்கு மாறுகிறவர் இல்லை. கடலிலேயே இறைத்துவிட்டு வந்திருப்பார். எல்லாம் சரியாகியிருக்கும். ஆனாலும் எனக்கு ஒன்று உறுத்தியது. சொல்லத் தெரியாமல் சொன்னேன்.

"அண்ணே, நான் பொகைன்னு சொன்னா ஊரு பொகைக்குத்தான் தீர்ப்பு போடும். அந்த ஸ்குரூவ மூடி சீல் வைக்கச் சொல்லும். அலை ஏறும்போது ஒரு கொத்து வந்துச்சே, அதுகூட வரக் கூடாதும்பாங்க. நாளைக்கு இன்னொருத்தன் இஞ்சின் வாங்குவான். ஊர் சொன்னபடி பொகை இல்லாமதான் வருவான். முகத்துவாரத்துல இழுவை போதாம நிப்பான். தப்பிச்சி உள்ள வந்தான்னா, இங்கதான் தண்ணி எறைப்பான். அவனுக்கு யார் சொல்றது?"

அவர் படகைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அந்தக் குழாய் இணைப்பை அன்றைக்கே மாற்றினேன்.

மறுநாள் கூட்டத்தில் தலைவர் என்னைப் பார்த்தார். எழுந்து நின்றேன். காத்தாடி பெரியது, இஞ்சினுக்குச் சுமை அதிகம், மாற்றியாகிவிட்டது, டீசலும் மிச்சம், புகையும் போய்விட்டது, அலை ஏறும்போது மட்டும் கொஞ்சம் வரும், அதைத் தடுத்தால் ஆபத்து. இவ்வளவையும் எப்படியோ சொல்லிவிட்டேன். கூட்டத்தில் ஒரு திருப்தி பரவியது. "அப்ப முடிஞ்சிதுல்ல" என்று யாரோ எழுந்திருக்கக்கூடப் பார்த்தார்கள்.

"இன்னொண்ணு..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. தேசப்பன் கேட்டுக்கொண்டதை நினைத்தேனா, கூட்டத்தைக் கண்டு பயந்தேனா, இன்றைக்கும் தெரியாது. மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உக்காரு மெக்கானிக்கு. நான் சொல்றேன்" என்று தேசப்பன் எழுந்தார். "எறா நாறுனது பொகையால இல்ல. எங்க படகு அடித்தண்ணில டீசல் கலந்துக்கினு இருந்துச்சி. அத உங்க வலைக்கு முன்னால நாங்கதான் எறைச்சோம். தெரியாமத்தான் செஞ்சோம். ஆனா செஞ்சது நாங்கதான்."

கூட்டம் பொங்கியது. "டேய், இம்மாம் நாளா எங்க வலையில டீசல ஊத்திக்கினு இருந்தியா?" என்று பலர் எழுந்துவிட்டார்கள். ஏழுமலையின் சட்டையை ஒருவர் பிடித்தார். அவன் தடுக்கவே இல்லை.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து கன்னியம்மாவின் குரல் வந்தது. "சட்டைய வுடு! அவன் ஊத்தும்போது எங்க வூட்டு ஆளு பக்கத்துலதானே நின்னுக்கினு இருந்தாரு? மாமா, மருமவப்புள்ளன்னு கொஞ்சிக்கினு இருந்தாரே, அவர் கண்ணு எங்க போச்சி? இங்க கூவுற அல்லாரும் அந்த வாய்க்கா ஓரம் வலை கட்டுனவங்கதானே? ஒருத்தர் பாக்கலியா?"

கன்னியம்மாவின் வீட்டுக்காரர் மணலில் எதையோ தேடினார். முதலில் சிரித்தது காதர் பாய். பிறகு ஒவ்வொருவராக. பிடித்திருந்த சட்டையும் விடப்பட்டது.

சிரிப்பு அடங்கியதும் தேசப்பன் சொன்னார்: "வாய்க்கா ஓரத்து எடம் இந்தத் தடவை யாருக்கும் வாணாம்னு இருப்பீங்க. அத சீட்டு இல்லாமயே நான் எடுத்துக்கறேன்."

தலைவர் தலையை ஆட்டினார். "சீட்டு இல்லாம எடம் எடுக்கறதும் கெடயாது, குடுக்கறதும் கெடயாது. உன் பேரும் குடத்துல வுழும். எந்த இஞ்சின் படகா இருந்தாலும் அடித்தண்ணிய டின்னுல புடிச்சிக் கரைக்கிக் கொண்டாரணும், ஏரியிலயும் வாணாம், கடல்லயும் வாணாம். வலையாண்ட இஞ்சின அணைச்சிட்டுக் கழி ஊனித் தள்ளிக்கினு வரணும். அலை ஏறும்போது வர்ற பொகையப் பத்தி யாரும் பேசக் கூடாது."

இஞ்சின் படகுக்குப் பாடு உண்டு என்று அவர் தனியாகச் சொல்லவில்லை. பெயர் குடத்தில் விழும் என்றாரே, அதுதான் தீர்ப்பு.

தம்பிகளா, வரப்போகிற சட்டம் நல்லதா கெட்டதா என்று சொல்ல எனக்குப் படிப்பு போதாது. புகை கெடுதல்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பழைய வண்டிக்காரன் பிழைக்க வேண்டும் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் ஒரு வண்டி புகைகிறது என்று யார் கொண்டுவந்து நிறுத்தினாலும், ஸ்குரூவில் கை வைப்பதற்கு முன்னால், பாரம் ஏற்றி, அது போகிற வழியில், அதை ஓட்டுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை போய்வாருங்கள். அவன் எங்கே பயப்படுகிறான் என்று பாருங்கள். போகும்போது பார்த்தால் போதாது, திரும்பி வரும்போதும் தலையை நிமிர்த்தி உட்காருங்கள். நாலு பேருக்கு முன்னால் தெரியாது என்று சொல்ல நேர்ந்தால் சொல்லிவிடுங்கள். சிரிப்பார்கள். அதனால் ஒன்றும் ஆகிவிடாது.

அந்தத் தடவை வாய்க்கால் ஓரத்து இடம், சீட்டில் கன்னியம்மா வீட்டுக்கே விழுந்தது. சிரிப்பை அடக்க ஊரே வாயைப் பொத்திக்கொண்டது. முதல் வலை எடுக்கிற காலையில், இஞ்சின் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிற சாக்கில் நானும் போயிருந்தேன். தேசப்பனின் படகு இஞ்சினை அணைத்துவிட்டுக் கழி போட்டு வந்து கரையில் முட்டியது. ஏழுமலை மூடின டின் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிவருவதுபோல இறங்கினான். கன்னியம்மா கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். காதர் பாய் தள்ளி நின்றார்.

கன்னியம்மா ஒரு இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளி மூக்கருகே கொண்டுபோனார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அதை ஏழுமலையின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாரு."

அவன் டின்னைக் கீழே வைக்காமல் குனிந்து மோந்தான்.

"இன்னா நாத்தம் வருது?"

"எறா நாத்தந்தான் அத்த."

"ம்" என்று சொல்லி அதைக் கூடையில் போட்டுவிட்டு, அடுத்ததை எடுத்தார்.